பரிசல் ஓடாத நாளில் வந்தவர்கள்

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் போகும் சாலையில், பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே எங்கள் வீடு. நிறுத்தத்துக்கு நிழற்குடை கிடையாது. எங்கள் வேலியோரப் புளியமரம்தான் எல்லோருக்கும் நிழல். அதனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் கேட்பதும், செல்போனுக்குச் சார்ஜ் போடக் கேட்பதும், வழி கேட்பதும் எங்கள் வாசலில்தான். வழி சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. சாலை ஒன்று, அது போய் முடிகிற இடமும் ஒன்று. மழைக்காலத்தில்தான் வம்பு. கர்நாடகத்தில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஆறு பொங்கிவிடும். பரிசல் ஓட்டக்கூடாது, அருவியில் குளிக்கக்கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். பாதி வழியில் விஷயம் தெரிந்து இறங்குகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வருவார்கள். எங்களுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது, வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்பார்கள்.

நானும் சளைக்காமல் சொல்வேன். தீர்த்தமலைக்குப் போங்கள், மலைமேல் சாமி, பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டும். அதியமான்கோட்டையில் காலபைரவர் இருக்கிறார். தர்மபுரியில் பழைய நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பஞ்சப்பள்ளியில் அணை. வத்தல்மலை ஏறினால் காப்பித் தோட்டமே இருக்கிறது, குளிரும். இப்படி அளந்துவிடுவேனே தவிர, சொன்னதில் பாதியை நான் கண்ணால் கண்டதில்லை. வத்தல்மலையைத் தர்மபுரிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இதே சாலையில் இருக்கிற அருவிக்கே, கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் மூன்று தடவைதான் போயிருக்கிறேன். அதுவும் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் குளிக்கும்போது கரையில் உட்கார்ந்து துணிப்பைக்குக் காவல் இருந்தேன்.

பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ஊர் சுற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. கைக்குழந்தையாவது பசித்தால் அழும், புழு அழாது. நாம்தான் நேரம் பார்த்து மல்பெரித் தழை வெட்டிப் போட வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஓர் ஆடி மாதத்தைப் பற்றி. அதற்கு முன்னால் தொடர்ந்து இரண்டு தடவை எங்களுக்குப் புழு கைவிட்டுப் போயிருந்தது. முதல் தடவை கொழுகொழுவென்று வளர்ந்த புழுக்கள் உடம்பு உப்பி, வெடித்து, பாலாக ஒழுகிச் செத்தன. அடுத்த தடவை சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்துப் போயின. இரண்டாவது தடவை குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிய என் வீட்டுக்காரர், அடுத்த வாரமே கட்டட வேலைக்குப் பெங்களூரு பஸ் ஏறினார்.

"இந்த ஒரு தடவ நீயே பாரு. நல்லா வந்துச்சுன்னா நான் வூட்டோட வந்துடறன். இதுவும் போச்சுன்னா செடியப் புடுங்கிப் போட்டுட்டு நீயும் கெளம்பிடு. அங்க தகரக் கொட்டாயில நம்மூர்க்காரங்க நெறைய பேர் இருக்காங்க" என்றார்.

அந்தத் தகரக் கொட்டாயை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். கட்டடம் எழும்புகிற வரைக்கும் அங்கே, பிறகு அடுத்த கட்டடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தகரம். பிள்ளைகள் இரண்டு பேரும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். லீவுக்கு வந்தால் அந்தத் தகரத்துக்கா வருவார்கள்? போனில் கேட்டால் நல்லாத்தான் தூங்கறேன் என்பார். தூங்குகிறவர் குரலா அது? அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அவர் வேண்டும். இந்த வீட்டில், என் கண்ணெதிரே வேண்டும். அது முழுக்க ஷெட்டில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களின் கையில் இருந்தது.

ஒற்றை ஆளாக நின்று வளர்த்தேன். கடைசித் தோலுரிப்பு முடிந்த பிறகு புழு இரவு பகல் பார்க்காமல் தின்னும். அப்புறம் ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி அங்குமிங்கும் ஆட்டும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உடம்பு கண்ணாடி மாதிரித் தெரியும். புழு பழுத்துவிட்டது என்போம். பழுத்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். மூங்கில் தட்டியின்மேல் மூங்கில் பத்தையைச் சுருள்சுருளாகக் கட்டியிருப்பதுதான் சந்திரிகை. அந்த இடுக்கில் உட்கார்ந்துதான் புழு கூடு கட்டும். அன்றைக்கே பொறுக்கிவிடாவிட்டால் அது நமக்காகக் காத்திருக்காது. தழைக்கடியிலும் எச்சத்திலும் கிடந்தபடியே கட்டத் தொடங்கும். அழுக்கும் கறையுமான அந்தக் கூட்டை யாரும் தொடமாட்டார்கள்.

அன்று காலையில் ஷெட்டைத் திறந்தால் படுக்கை முழுக்கத் தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோயில்லை, ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே சீராகப் பழுத்திருந்தன. அந்தச் சந்தோஷத்தோடு வெளியே வந்து நின்றபோதுதான் கீழ்த்தெருவில் சாவு மேளம் கேட்டது.

எனக்குப் புழு பொறுக்க வருகிற பெண்கள் எல்லோரும் கீழ்த்தெருதான். இறந்துபோன பெரியவர் அவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வழியில் சொந்தம். சாவு வீட்டுக்குப் போனவர்கள் புழு ஷெட்டுக்குள் கால் வைப்பதில்லை. பிணம் எடுத்த பிறகு குளித்துவிட்டு வந்தாலும் ஆகாது. மறுநாள் பால் தெளித்து முடிய வேண்டும். இது இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத வழக்கம். அதே வழக்கம்தான், புழு பழுத்திருக்கிற வீட்டுக்காரர்கள் சாவுக்கு வரவில்லையென்றால் குற்றம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தி வந்து வேலிக்கு அப்பாலேயே நின்றாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கின்னு பாத்து இப்படி ஆயிடுச்சு."

"நீ போ புள்ள. நான் பாத்துக்கறன்" என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? நாலைந்து பேர் கூடினால்தான் பொழுது சாய்வதற்குள் முடிகிற வேலை. பாப்பாரப்பட்டிப் பக்கம் போன் போட்டு ஆள் கேட்டேன். எல்லோரும் தக்காளி பறிக்கப் போய்விட்டார்கள் என்றார்கள். வீட்டுக்காரருக்குப் போட்டேன். கலவை இயந்திரம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, "தளம் போட்டுட்டு இருக்கறோம். இப்பக் கெளம்புனாலும் இருட்டிப்போயிடும்மா" என்று கத்தினார். போனை வைத்துவிட்டேன். புளியமரத்தடியில் போய் நின்று அழுதேன். தனியாகத் தொடங்கிப் பார்க்கலாம் என்று உள்ளே போவதற்கு முன்னால் கொஞ்சம் அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஐம்பது வயதிருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். அந்தம்மா தலை நிறையப் பூ வைத்து, முகம் நிறையப் பவுடர் போட்டிருந்தார். புருஷன் தோளில் ஒரு புதுப்பை. நேராக என்னிடம் வந்தார்கள்.

"ஏம்மா, ஒரு வாய் தண்ணி கெடைக்குமா?" என்றார் அவர். "அருவிக்கு விட மாட்டாகளாம்லா. கண்டக்டரு இப்பதான் சொல்லுதாரு. திரும்பிப் போற பஸ்ஸு இங்கனதான் நிக்குமாம்."

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தம்மா குடித்துவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "எங்களுக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் தங்கச்சி. ராத்திரி பொம்மிடியில ரயிலு. வேற என்ன இருக்கு பாக்கதுக்கு?"

நான் இருந்த நிலைமையில் இவர்கள் சீக்கிரம் இடத்தைக் காலி செய்தால் போதும் என்றிருந்தது. "தீர்த்தமலைக்குப் போங்க" என்றேன்.

"அது எம்புட்டுத் தூரம்?"

"தூரந்தாங்க."

"பக்கத்துல?"

"பக்கத்துல ஒண்ணும் இல்லீங்க."

அந்தம்மா சொம்பைத் திருப்பித் தராமல் என் முகத்தையே பார்த்தார். "நீ அழுதியா? அந்தக் கொட்டு உங்க வீட்டு எழவுக்கா?"

இல்லை, கீழ்த்தெரு சாவுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூடவே எல்லாம் வந்துவிட்டது. புழு பழுத்தது, ஆள் வராதது, பெங்களூரு, தகரக் கொட்டாய், எல்லாம். முன்பின் தெரியாதவர்களிடம் பஸ் நிறுத்தத்தில் நின்று கொட்டினேன்.

அந்தம்மா கேட்டு முடித்ததும், "பொறுக்கதுதான? அரிசியில கல்லு பொறுக்கது மாதிரி?" என்றார். புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் பொறுக்குவமா?"

எனக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்தது. புழு ஷெட்டுக்குள் வெளியாளா? என் கூடப்பிறந்த அண்ணனையே புழு இருக்கும்போது வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புகிறவள் நான். காலில் நோய் ஒட்டிக்கொண்டு வரும். உடம்பில் பூசிய வாசனை புழுவுக்கு ஆகாது. அதற்கெல்லாம் மேலே கண் திருஷ்டி. முடியாது என்று சொல்லத்தான் போனேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சாவுத் தீட்டு இல்லாத, வேறு வேலைக்கும் போகாத இரண்டு மனுஷர்கள் அன்றைக்கு இந்தச் சாலையில் இவர்கள்தான். ஊர்க்காரர்கள் வரக்கூடாத நாளில் வெளியூர்க்காரர்கள்தான் வர முடியும். எந்த வழக்கத்தை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்க வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. "அக்கா, நான் கோவத்துல தீர்த்தமலைன்னு சொல்லிட்டன். இப்ப வர்ற பஸ்ஸப் புடிச்சா காலபைரவர் கோயில், நடுகல்லு எல்லாம் நெஜமாவே பாத்துடலாங்க. உங்க ஒரு நாள் வீணாப் போயிடும்" என்றேன்.

"சாமி எங்க ஊர்லயும் இருக்காரு" என்றார் அந்தம்மா. அவர் புருஷன் மட்டும் ஒரு நிமிஷம் தயங்கினார். "நீதான ஆசப்பட்டு வந்த?" என்று மெதுவாகக் கேட்டார். "ஆமா, வந்தேன். அதான் அடச்சிட்டாகள்லா" என்று அந்தம்மா பூவைத் தலையிலிருந்து எடுத்தார்.

உள்ளே விடுவதற்கு முன்னால் இரண்டு பேரையும் குளிக்கச் சொன்னேன். பவுடர் போக வேண்டும், புருஷன் கைகால்களில் தேய்த்திருந்த கொசுக் களிம்பு போக வேண்டும். அருவியில் குளிக்க வந்தவர்கள் என் போர் மோட்டார்க் குழாயடியில் குளித்தார்கள். "நல்ல வேகமாத்தான் விழுது" என்று அவர் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்கு என் பழைய புடவையைக் கொடுத்தேன். அவருக்கு என் வீட்டுக்காரரின் லுங்கியும் நீலச் சட்டையும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கொல்லைப்பக்கமிருந்து நடந்து வந்தபோது எனக்கு மறுபடி கண் கலங்கியது. வாசற்படியில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து தூவியிருந்ததை மிதித்து உள்ளே வந்தார்கள்.

"அம்மாடி, எம்புட்டு அழகா இருக்கு!"

ஓடிப்போய் அந்தம்மாவின் வாயைப் பொத்தாத குறை. "ஐயோ அக்கா! அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. நாங்க ஏதோ இருக்குதுன்னுதான் சொல்லுவோம்." அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அன்று முழுக்க எதைப் பார்த்தாலும் "ஏதோ இருக்கு" என்பதுதான் பேச்சு. என் பிள்ளைகளின் போட்டோவைப் பார்த்து ஏதோ இருக்கு, எங்கள் மாட்டைப் பார்த்து ஏதோ இருக்கு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தம்மாவின் புருஷன்தான் முதலில் பயந்தார். விரலில் புழு ஒட்டி நெளிந்ததும் கையை உதறப் பார்த்தார். "தெனமும் மீனறுக்க கையி, இதுக்குப் போயி நடுங்குதிய" என்று அந்தம்மா விடாமல் கேலி செய்தார். அந்த அண்ணன் பழுக்காத புழுவையும் சேர்த்துப் பொறுக்கினார். நான் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. ஒரே இடுக்கில் இரண்டு புழு விழுந்தால் சேர்ந்து ஒரே கூடாகக் கட்டிவிடும், அது உதவாது, இடம் விட்டு விடுங்கள் என்றேன். "பந்தியில எலை போடுத மாதிரியா? அது நமக்கு வரும்" என்று சந்திரிகையை அவரே எடுத்துக்கொண்டார்.

தூத்துக்குடியில் மெஸ் நடத்துகிறார்களாம். சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள்தான் சாப்பிட வருவார்கள். ஒரு நாள் மூடினாலும் அவர்கள் பட்டினி என்று மூடுவதே இல்லை. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. கொண்டுவந்து விட வந்தவர்கள், திரும்பிப் போகிற வழியில் ஒரே ஒரு நாள் எனக்கு என்று அந்தம்மா கேட்டு வாங்கியிருக்கிறார்.

"கல்யாணமான புதுசுல குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாக. எங்க ஊர்லேருந்து அம்புட்டுப் பக்கம். இன்னும் போகல" என்றார் புழுவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கை நின்றுவிட்டது. "அருவியே பாத்ததில்லையாக்கா?"

"டி.வி.யில பாத்திருக்கேன். நீ சொல்லேன், எப்படி இருக்கும்? கை அது பாட்டுக்கு வேல செய்யட்டும்."

துணிப்பைக்குக் காவலிருந்த மூன்று தடவையையும் கூட்டிச் சேர்த்து நான் சொன்னேன். தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். கரையில் வரிசையாகக் கிடக்கிற ஆட்களை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறவர்கள், முதுகில் பொளேர் பொளேரென்று அடிப்பது அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். பரிசலை நடு ஆற்றில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், உள்ளே இருக்கிறவர்கள் கூச்சல் போடுவார்கள். மீன் வறுக்கிற கடைப்பக்கம் போனால் மிளகாய்க் காரத்தில் கண் எரியும். பாறைக்கு மேலே புகை மாதிரி எழுந்து வருகிற சாரல், தள்ளி உட்கார்ந்திருந்தாலும் நம் மேல் படியும். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு நான் வாய்நிறையச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அந்தம்மா நடுநடுவே கேள்வி கேட்டார், நான் மறந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னேன். அருவி முடிந்ததும், "அந்தத் தீர்த்தமலை?" என்றார். அதை நான் பார்த்ததில்லை என்றேன். "அதனால என்ன, சொல்லு" என்றார்.

மத்தியானம் கேழ்வரகுக் களியும் நிலக்கடலைச் சட்னியும்தான் இருந்தன. அவர் களியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். பல்லில் ஒட்டிக்கொண்டு அவரைப் பேசவிடவில்லை. "மெல்லாதீங்கண்ணா, உருட்டி அப்படியே முழுங்கணும்" என்றேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விழுங்கக் கற்றுக்கொண்டு, இரண்டாவது உருண்டை கேட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் எனக்கு அப்படி ஒரு நிறைவு.

சாப்பிட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தபோது மேளம் சாலைக்கு வந்தது. பெரியவரை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு, ஷெட்டுக்குள்ளேயே எழுந்து நின்று கும்பிட்டோம். அவர்களுக்கு அந்தப் பெரியவர் யாரென்று தெரியாது. ஆனாலும் சத்தம் தேய்கிற வரைக்கும் இரண்டு பேரும் தலை குனிந்தே நின்றார்கள். நான் போக முடியாத சாவுக்கு எனக்காக நின்ற மாதிரி இருந்தது.

வெயில் இறங்கும்போது படுக்கையில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் மிச்சம். அதை நானே பார்த்துக்கொள்வேன், பஸ்ஸை விட்டால் ரயில் போய்விடும் என்று விரட்டினேன். அவர்கள் துணி மாற்றிக்கொண்டு வந்தார்கள். என்ன கொடுப்பது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூலி என்று பேச்சை எடுத்தால் அந்தம்மா முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மரத்துப் புளியை ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டி அந்தப் புதுப்பையில் திணித்தேன். "மெஸ்ஸுக்கு ஆவும்" என்றேன். அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கழுவியும் போகாமல் என் விரல், அவர் விரல் எல்லாம் பிசுபிசுவென்றிருந்தன. ஒரு அருவி, ஒரு கோயில், ஒரு அணை என்று எதையும் பார்க்காமல் அவர்கள் பஸ் ஏறினார்கள். செல்போனில் அவர் எண்ணை 'அருவி அக்கா' என்று போட்டு வைத்தேன்.

அதன் பிறகு கூடு கட்டி முடிகிற வரைக்கும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெளியாள் கண் பட்டுவிட்டதோ, அழகு என்று வேறு சொல்லிவிட்டாரே என்று மனசு அடித்துக்கொள்ளும். மிளகாய் சுற்றிப் போடலாமென்றால் அந்தப் புகையே கூடு கட்டுகிற புழுவுக்கு ஆகாது. கடைசியில் சந்திரிகைகளுக்குச் சுற்றிய மிளகாயை எடுத்துக்கொண்டு போய், தோட்டத்துக்கு அந்தக் கோடியில் தீ மூட்டிப் போட்டேன். யாராவது பார்த்திருந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள்.

கூடு எடுக்கிற நாளுக்கு என் வீட்டுக்காரர் வந்தார். ஷெட்டுக்குள் போனவர் ஒரு சந்திரிகைக்கு முன்னால் நின்றுவிட்டார். வெள்ளை வெளேரென்று, அளந்து வைத்தது போல இடம் விட்டுக் கூடுகள். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். விரலால் அமுக்கிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. "இத ஆரு வுட்டது? நம்ம ஆளுங்க கையில்லையே" என்றார். நான் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்த சந்திரிகைக்குப் போனார். மனசு இளகினால் அவர் அப்படித்தான், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே கொண்டுபோனோம். கூட்டை அள்ளிப் பார்த்தவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். மறுநாள் பெங்களூரு போய், அங்கிருந்த பாய், பாத்திரம், கரணை, மட்டப்பலகை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் இறங்கினார்.

மூட்டையை உள்ளே வைக்கிறதற்கு முன்னால் நான் தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். எண்ணெயில் எதையோ போடுகிற சத்தமும், சாப்பிடுகிற ஆட்களின் பேச்சுச் சத்தமும் கேட்டன.

"அக்கா, நல்லா வந்துச்சுங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும். அவுக?"

"வந்துட்டாருங்க. மூட்டையோட வந்துட்டாருங்க."

அந்தப் பக்கம் எண்ணெய்ச் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருப்பார்போல. "ஏங்க! அவுக வந்துட்டாகளாம்!" என்று அந்தம்மா உள்ளே பார்த்துக் கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், யாரு அக்கா வந்திருக்கது என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"எங்க வீட்டு ஆளுதான். பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தாக. இனி போக மாட்டாக" என்றார் அந்தம்மா.

பக்கத்தில் மூட்டையோடு நின்றவரிடம் போனை நீட்டினேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முகம்கூடப் பார்த்திராத அந்த மனுஷியிடம், "அக்கா, நான்தாங்க. வந்துட்டன்" என்றார்.